கடலும் தோணியும்: சிங்காரத்தின் இரு நாவல்களும் நம் வரலாறும்

நாவல் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் பெரும்பாலும் மூன்று தலைப்புகளில் குறிப்பு எழுதிக்கொள்வர்: கருப்பொருள், பாத்திரப் படைப்பு, குறியீடு. முதல் இரண்டும் எளிதில் கைகூடும். மூன்றாவதாகிய குறியீட்டுக்கு வந்ததும் பலருக்கும் கை தயங்குகிறது. அந்தத் தயக்கத்தைப் போக்க வழிகாட்டி நூல்கள் சில ஒரு பட்டியலைப் போட்டு வைத்திருக்கின்றன. கடல் என்றால் பிரிவு. விளக்கு என்றால் அறிவு. இருள் என்றால் அறியாமை. மழை என்றால் துயரம். அகராதி போன்ற இந்தப் பட்டியலை மாணவன் மனப்பாடம் செய்கிறான், தேர்வில் எழுதுகிறான், மதிப்பெண்ணும் பெறுகிறான். நாவல் மட்டும் அவன் நெஞ்சில் ஏறுவதில்லை.

காரணம் வெளிப்படை. நல்ல நாவலில் வரும் கடல், எல்லாக் கதைகளுக்கும் பொதுவான கடலன்று. அஃது ஒரு காலத்துக் கடல். சில மனிதர் ஒரு தேவைக்காகக் கடந்த கடல். அந்தக் காலத்தையும் தேவையையும் அறிந்த பிறகே அதன் உட்பொருள் விளங்கும். வரலாற்றைத் தேடிய பின்னரே குறியீட்டைத் தேட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. இதனை விளக்க, நம் மண்ணோடு நெருங்கிய தொடர்புடைய இரண்டு நாவல்களை எடுத்துக்கொள்கிறேன். ப. சிங்காரம் எழுதிய 'கடலுக்கு அப்பால்', 'புயலிலே ஒரு தோணி' ஆகியவையே அவை.

ஆசிரியரின் வாழ்வு

சிங்காரம் 1920ஆம் ஆண்டு சிங்கம்புணரியில் பிறந்தவர். 1938இல், பதினெட்டு வயதில், சுமத்திராவிலுள்ள மேடான் நகரத்துக்குப் போய் ஒரு கடையில் வேலைக்கு அமர்ந்தார். அக்காலத்தில் இராமநாதபுரம் மாவட்டத்து இளைஞர் பலர் சென்ற வழி அது. மேடானிலிருந்த காலத்தில் ஆங்கில நாவல்களை விரும்பிப் படித்தார்; அவருள் அவர் மனத்தைக் கவர்ந்தவர் ஹெமிங்வே. போர்க்காலம் முழுவதையும் அவர் இப்பகுதியிலேயே கழித்தார். மனைவியையும் தலைப்பிள்ளையையும் பிரசவத்தில் அங்கேயே இழந்தார். 1946இல் தாயகம் திரும்பி, மதுரையில் 'தினத்தந்தி' நாளிதழில் சேர்ந்து நெடுங்காலம் பணியாற்றினார். மறுமணம் செய்யாமல் தனியாகவே வாழ்ந்து, தம் சேமிப்பை ஏழை மாணவர் கல்விக்கென அளித்துவிட்டு, 1997 டிசம்பரில் மறைந்தார்.

அவர் எழுதிய நாவல்கள் இவ்விரண்டு மட்டுமே. 'கடலுக்கு அப்பால்' 1950இல் எழுதப்பட்டது. பதிப்பகங்கள் ஏற்காத நிலையில், 'கலைமகள்' நாவல் போட்டியில் பரிசு பெற்று 1959இல்தான் நூலாயிற்று. 'புயலிலே ஒரு தோணி' 1962 அளவில் எழுதி முடிக்கப்பட்டு, பத்தாண்டுக் காலம் காத்திருந்து 1972இல் வெளிவந்தது. வெளிவந்த போதும் பெரிய வரவேற்பு இல்லை. தமிழின் தலைசிறந்த நாவல்களில் ஒன்றென அதனை இன்று பலரும் போற்றுகின்றனர். அந்தப் புகழ் வந்தது பின்னாளில். ஆசிரியரோ அதற்குள் எழுதுவதையே விட்டிருந்தார்.

கதையின் போக்கு

'கடலுக்கு அப்பால்' பினாங்கில் நடக்கும் கதை. செல்லையா, வட்டிக்கடை நடத்தும் வயிரமுத்துப் பிள்ளையிடம் அடுத்தாளாக இருந்தவன். முதலாளியின் மகள் மரகதத்துக்கும் அவனுக்கும் அன்பு உண்டு. போர் வருகிறது. செல்லையா இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து அதிகாரியாகிறான். போர் முடிந்ததும் சீருடையைக் களைந்துவிட்டுக் கடைக்குத் திரும்புகிறான். ஆனால் பட்டாளத்துக்குப் போய் வந்தவனுக்குப் பெண் கொடுக்க முதலாளி இசையவில்லை. மரகதம் நாகலிங்கம் என்னும் வேறொருவனுக்கு மனைவியாகிறாள். நண்பன் மாணிக்கத்தின் ஆறுதல் மொழிகளே செல்லையாவுக்கு எஞ்சுகின்றன.

'புயலிலே ஒரு தோணி' இதனினும் விரிந்த களம். மேடான் நகரின் கெர்க் ஸ்ட்ராட் தெருவில், ஜப்பானியப் படை நுழையும் நாளில் கதை தொடங்குகிறது. வட்டிக்கடை ஊழியனாகிய பாண்டியன் வேறு சிலரோடு தொங்கானில் ஏறி மலாக்கா நீரிணையைக் கடந்து பினாங்குக்கு வருகிறான். வழியில் புயல். தோணி தப்பிக் கரை சேர்கிறது. பாண்டியன் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்கிறான். ஆபத்தான பணிகளை மேற்கொள்கிறான். போர் ஓய்ந்ததும் மீண்டும் சுமத்திராவுக்குப் போய் இந்தோனேசிய விடுதலைப் போராட்டத்தில் கலக்கிறான். இறுதியில் ஊர் திரும்பும் எண்ணம் மேலோங்கி நிற்கும் வேளையில் சுடப்பட்டு மடிகிறான்.

இரண்டும் ஒரே போர், ஒரே இராணுவம், ஒரே வகைக் கடைத்தெரு. ஆயினும் ஒன்றின் தலைப்பில் கடல் நிற்கிறது. மற்றொன்றின் தலைப்பில் தோணி நிற்கிறது. இந்த வேறுபாட்டுக்குள் செல்லுமுன் அக்கடைத்தெருவைச் சற்றே அறிந்துகொள்ள வேண்டும்.

கணக்குப் புத்தகத்து மனிதர்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்தி வந்தனர். பிறகு அதே முறையைப் பின்பற்றி வேறு சமூகத்தாரும் கடை வைத்தனர். அங்கே மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று படிநிலைகள் உண்டு. வேலைக்கு வந்தவன் மூன்றாண்டு அளவில் ஒரு தவணையாக இங்கே உழைத்து, கணக்கை ஒப்படைத்து, ஊர் திரும்பிச் சில காலம் தங்கி, மீண்டும் கப்பலேறுவது வழக்கம். பெண்டு பிள்ளைகள் பெரும்பாலும் ஊரிலேயே இருந்தனர். பல கடைகள் ஒரே கிட்டங்கியில் இருந்தன. நீண்ட மண்டபத்தில் ஆளுக்கொரு பெட்டி. பெட்டியே கடை, பெட்டியே மேசை, பெட்டியே மானம்.

அவர்களை ஊரார் அழைத்த முறையும் எண்ணிப் பார்க்கத் தக்கது. கடையின் விலாசத்திலுள்ள எழுத்துகளைச் சொல்லியே ஆளைக் குறிப்பிடுவர். வயிரமுத்துப் பிள்ளை 'வானாயீனா' ஆகிறார். மற்ற நாவலிலும் ஆவன்னா, நாவன்னா என்றே முதலாளிகள் நடமாடுகின்றனர். இதனை வெறும் வட்டார வழக்கு என்று கடந்து போகலாகாது. மனிதன் தன் பெயரை இழந்து, கணக்குப் புத்தகத்தின் எழுத்தாக மாறுவது மதிப்புக்குரியதாகக் கருதப்பட்ட உலகம் அது. செல்லையாவும் பாண்டியனும் தம் பெயராலேயே அழைக்கப்படுகின்றனர். அவர்கள் இன்னும் விலாசம் பெறாதவர்கள். விலாசம் பெறுவதா, பெயரைக் காப்பதா என்பதே அவ்விருவர் வாழ்விலும் அடியில் ஓடும் கேள்வி. பெயரையே குறியீடாகக் காண இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

இனி வானாயீனாவைப் பார்ப்போம். காதலைப் பிரித்த கொடியவர் என்று ஒற்றைச் சொல்லில் மாணவர்கள் அவரைத் தள்ளிவிடுவர். வரலாற்றை அருகில் வைத்துப் பார்த்தால் அவர் வேறு மனிதராகத் தெரிகிறார். 1941 டிசம்பர் 11ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுன் மீது குண்டு மாரி பொழிந்தன. டிசம்பர் 19இல் ஜப்பானியர் பினாங்கைக் கைப்பற்றினர். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அதன்பின் மூன்றரை ஆண்டுகள் புழங்கியது ஜப்பானியர் அச்சிட்ட பணம். பத்து வெள்ளித் தாளில் இருந்த படத்தைக் கொண்டு 'வாழைமர நோட்டு' என்று மக்கள் அதற்குப் பெயரிட்டனர். நாளுக்கு நாள் அதன் மதிப்பு சரிந்தது. போருக்கு முன் நல்ல வெள்ளியில் கடன் வாங்கியவர்கள், மதிப்புக் குன்றிய வாழைமர நோட்டைக் கொண்டுவந்து கடனைத் தீர்த்தனர். பிரிட்டிஷார் திரும்பியதும் அந்நோட்டு வெற்றுத் தாளாயிற்று. எந்தக் கடன் எவ்வளவுக்குத் தீர்ந்தது என்று வரையறுக்க 1948இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது.

இத்தகைய காலத்தில் பெட்டியைக் காத்து நின்றவர் வானாயீனா. பணம் பொய்த்தது, சாம்ராஜ்யம் பொய்த்தது, பொய்க்காமல் நின்றது பழைய நடைமுறை ஒன்றுதான். கணக்கில் ஒழுங்கு, முதலாளிக்கு அடக்கம், பெரியவர் சொல்லுக்குப் பணிவு. துப்பாக்கி ஏந்தி ஆணையிட்டுப் பழகியவன் மீண்டும் பெட்டியடியில் கால் மடக்கி உட்கார மாட்டான் என்பது அவர் அச்சம். அந்த அச்சம் தவறென்று சொல்லிவிட முடியாது. அதுவே இந்த நாவலின் துயரத்துக்கு ஆழம் தருகிறது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கும்போதுதான் துயரம் கனக்கிறது.

அந்த அச்சத்தை நம் தோட்டங்களின் வரலாறும் மெய்ப்பிக்கிறது. போருக்குப் பின் தோட்டங்களுக்குத் திரும்பிய இளைஞர்கள் பழையபடி தலைகுனிந்து நிற்கவில்லை. 1946, 1947ஆம் ஆண்டுகளில் கெடா தோட்டங்களில் தொண்டர் படை எழுந்தது, கள்ளுக்கடைகளை எதிர்த்தது, தொழிலாளரின் தன்மானத்தைப் பேசியது. இந்திய தேசிய இராணுவத்தில் இருந்த எஸ். ஏ. கணபதி மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரானார். 1949இல் பிரிட்டிஷ் அரசு அவரைத் தூக்கிலிட்டது. சீருடையைக் களையலாம், சீருடை தந்த நிமிர்வைக் களைய முடியாது. தோட்டத்தில் கிளர்ச்சியாக வெடித்த அதே உண்மை, கடைத்தெருவில் ஒரு திருமணம் நின்று போனதாக உருவெடுக்கிறது. செல்லையாவின் தோல்வியைக் காதல் தோல்வி என்று மட்டும் படிப்போர் பாதிக் கதையையே படிக்கின்றனர்.

எது அப்பால்?

இப்போது தலைப்பிலுள்ள கடலுக்கு வருவோம். கடலுக்கு அப்பால் இருப்பது எந்த நாடு? மதுரையில் அமர்ந்து, தமிழ்நாட்டு வாசகருக்காகச் சிங்காரம் எழுதினார். அவ்வாசகருக்கு அப்பால் இருப்பது பினாங்கு. ஆனால் கதைக்குள் வாழும் வானாயீனாவுக்கும் செல்லையாவுக்கும் பினாங்கு இக்கரை. அப்பால் இருப்பது ஊர். ஒரே சொல் இரண்டு கரைகளையும் சுட்டுகிறது. எந்தக் கரையில் நின்றாலும் வாழ்வு மறுகரையில் இருப்பதாகத் தோன்றுவதே அம்மனிதர்களின் நிலை. இங்கே இருக்கும்போது ஊரை எண்ணி உழைக்கிறார்கள். ஊரில் இருக்கும்போது அடுத்த பயணத்துக்கு நாள் பார்க்கிறார்கள். மூன்றாண்டுத் தவணை என்னும் தொழில்முறையே அந்த மனநிலையை வளர்த்தது. ஆகவே இந்நாவலின் கடலைப் 'பிரிவு' என்று ஒரு சொல்லில் அடக்க இயலாது. தள்ளிவைக்கப்பட்ட வாழ்வு என்று சொல்வதே பொருந்தும்.

செல்லையா தள்ளிவைக்க மறுத்தவன். தான் விரும்பிய பெண்ணோடு, தான் நிற்கும் மண்ணிலேயே, இன்றே வாழ நினைத்தவன். அந்த ஆசைக்கு இடம் தரும் ஏற்பாடு எதுவும் கடைத்தெருவில் இல்லை. மரகதமோ அவனினும் நெருக்கப்பட்டவள். அவன் பட்டாளத்துக்குப் போகவாவது முடிந்தது. அவளுக்கு வீட்டைத் தாண்டிக் களமே இல்லை. இதே காலத்தில் இராணி ஜான்சி படையில் தோட்டத்துப் பெண்கள் துப்பாக்கி ஏந்திப் பயிற்சி பெற்றனர் என்பதை மாணவர்க்கு இவ்விடத்தில் நினைவூட்டினால், மரகதத்தின் அமைதி எத்தனை இறுக்கமான கதவுகளுக்குப் பின்னே இருந்தது என்பது தானே விளங்கும்.

தோணியின் பொருள்

இரண்டாம் நாவலின் தோணியைப் பற்றி எழுதுவோர், வாழ்க்கைக் கடலில் மனிதன் ஒரு தோணி என்று முடித்துவிடுகின்றனர். அப்படிச் சொல்வதில் பிழையில்லை; ஆனால் அது பிறவிப் பெருங்கடல் என்று நம் முன்னோர் சொல்லி வந்ததன் மறுபடிவமே. சிங்காரத்தின் தோணி அதனினும் திட்டமானது.

போருக்கு முன் சுமத்திராவுக்கும் பினாங்குக்கும் இடையே நீராவிக் கப்பல்கள் ஒழுங்காக ஓடின. போர் வந்ததும் அவை மறைந்தன. மலாயாவையும் சுமத்திராவையும் ஜப்பானியர் முதலில் ஒரே படையின் ஆட்சியில் வைத்திருந்தனர். சரக்கு வேண்டுவோரும் பிழைப்புத் தேடுவோரும் கடலைக் கடந்தாக வேண்டும். கடப்பதற்கு மரத் தொங்கான்களே இருந்தன. காலக்குறிப்புப்படி புறப்பட்டு, காலக்குறிப்புப்படி சேரும் கப்பல் பழைய உலகத்தின் அடையாளம். அதில் பயணச்சீட்டு உண்டு; வகுப்பு உண்டு; கரையில் வரவேற்க ஆள் உண்டு. தொங்கானில் இவை எதுவும் இல்லை. காற்றும் நீரோட்டமும் தண்டலின் கைத்திறனுமே துணை. முதலாளியும் ஊழியனும் ஒரே பலகையில் உட்கார வேண்டும். புயல் வந்தால் ஒன்றாகவே நனைய வேண்டும்.

ஆகவே தோணி என்பது, பிரிட்டிஷ், டச்சு அரசுகளின் நிழலில் ஒழுங்காக நடந்த தமிழர் வாழ்வு அந்நிழலை இழந்த பின் அடைந்த நிலையைக் குறிக்கிறது. இதை ஆசிரியர் எங்கும் விளக்கிச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. அக்காலத்தில் கடலைக் கடக்கத் தோணியே இருந்தது என்னும் உண்மையே குறியீடாகிவிட்டது. நல்ல குறியீடு முதலில் கதைக்குப் பயன்படும் பொருளாக இருக்கும். பிறகே வேறொன்றைச் சுட்டும். பொருளாக நில்லாமல் எதையாவது சுட்டுவதற்கென்றே நுழைக்கப்பட்டது, கோலத்துக்குள் ஒட்டாத புள்ளியாக நிற்கும்.

உலக நாவலிலும் இதனைக் காணலாம். முதல் உலகப் போரைக் களமாகக் கொண்டு ஹெமிங்வே 1929இல் வெளியிட்ட நாவலின் ஆங்கிலத் தலைப்புக்கு 'ஆயுதங்களுக்கு விடை' என்று பொருள். அதில் மழை மீண்டும் மீண்டும் பெய்கிறது. சாவு வரும் இடத்தில் மழையும் இருக்கிறது. ஆயினும் முதலில் அது இத்தாலியப் போர்க்களத்துச் சேற்று மழையே. பின்வாங்கும் வண்டிகள் சேற்றில் புதைவதும் அந்த மழையாலேதான். சிங்காரம் அவரிடம் கற்றது இந்த அடக்கத்தை என்று நான் கருதுகிறேன். கற்றதைத் தம் கடலுக்கும் தம் தெருவுக்கும் பொருத்திக்கொண்டதில்தான் அவர் தனிச்சிறப்பு இருக்கிறது.

பாண்டியனை இத்தோணியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். செல்லையாவுக்குத் திரும்பிவர ஒரு கடையும் விரும்ப ஒரு பெண்ணும் இருந்தனர். பாண்டியனுக்கு அவையும் இல்லை. அவன் துணிவுள்ளவன், கூர்மதியன், ஊர்ப்பற்று உண்டு, ஆனால் எந்தப் பற்றையும் கேள்வியின்றி ஏற்காதவன். பினாங்கு நண்பர்கள் கூடித் தமிழ்ப் பெருமை பேசும் பகுதி ஒன்று நாவலில் உண்டு. அங்கே பழம்பெருமை கேலிக்கு உள்ளாகிறது. தமிழாசிரியர்களுக்கு அப்பகுதி சிறிது உறுத்தும். உறுத்தினாலும் அதனை ஒதுக்கிவிடலாகாது. தமிழை இகழ்வோர் பேச்சன்று அது. பழங்கதையைச் சொல்லிக்கொண்டே இன்றைய தாழ்வை மறக்கும் நம் பழக்கத்தைக் கண்டு வெட்கியவர்களின் பேச்சு. போரில் தம் காலடி நிலம் நழுவுவதைக் கண்ட தலைமுறை அப்படித்தான் பேசியிருக்கும்.

பாண்டியனின் முடிவும் வரலாற்றோடு ஒட்டியதே. 1943 ஜூலையில் நேத்தாஜி சிங்கப்பூருக்கு வந்தார். அக்டோபர் 21இல் தற்காலிக அரசை அறிவித்தார். 1945 ஆகஸ்டில் ஜப்பான் பணிந்தது. அதே மாதத்தில் நேத்தாஜியும் மறைந்தார். ஆகஸ்டு 17இல் இந்தோனேசியா விடுதலையை அறிவித்தது. திரும்பிவந்த டச்சுக்காரரை எதிர்த்து மேடானைச் சுற்றிலும் போர் மூண்டது. ஒரு நாட்டுக்காகத் துப்பாக்கி ஏந்தியவன், அந்த நாட்டுக்குப் போகாமலே இன்னொரு நாட்டின் விடுதலைப் போரில் கலக்கிறான். ஊருக்குத் திரும்புவது கடைசி வரையில் கைகூடவில்லை. தோணி ஒரு புயலைத் தாண்டியது. தோணியில் வந்தவன் அடுத்த புயலைத் தாண்டவில்லை.

இந்நாவல்களில் இல்லாதவர்கள்

இவ்வளவு போற்றிய பிறகு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சிங்காரத்தின் உலகம் கடைத்தெருவின் உலகம். அக்காலத்தில் மலாயாத் தமிழருள் மிகப் பெரும்பாலோர் தோட்டங்களில் பால் மரம் சீவிக்கொண்டிருந்தனர். அவர்கள் இந்நாவல்களின் நடுவில் நிற்பதில்லை. ஓரத்தில் தோன்றி மறைகின்றனர். இதனை ஆசிரியரின் குற்றமாகச் சொல்லவில்லை. தாம் வாழ்ந்த தெருவை அவர் உண்மையாக எழுதினார். ஆனால் ஜொகூரிலோ கெடாவிலோ தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் நாம், இந்த இடைவெளியைச் சுட்டாமல் போனால் கடமையில் தவறியவர்கள் ஆவோம்.

தோட்டத்துத் தமிழனுக்கு அந்தப் போர் வேறு முகம் காட்டியது. துரைமார்கள் ஓடிப்போயினர்; பால் வாங்க ஆள் இல்லை; அரிசி இல்லை; மரவள்ளிக் கிழங்கே உணவு. பிறகு ஆள்பிடிப்பு வந்தது. சயாமில் பான் போங்கிலிருந்து பர்மாவில் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் இரயில் பாதையை ஜப்பானியர் 1942, 1943ஆம் ஆண்டுகளில் போட்டனர். ஏறத்தாழ 60,000 நேச நாட்டுப் போர்க்கைதிகளும் அவர்களைவிட மிகப் பன்மடங்கான ஆசியத் தொழிலாளரும் அங்கே உழைத்தனர். மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர். காலராவும் மலேரியாவும் பசியும் அவர்களைக் கொத்துக்கொத்தாகக் கொண்டுபோயின.

அந்தப் பாதையை உலகுக்கு அறிமுகம் செய்தது, பியர் பூல் என்னும் பிரெஞ்சுக்காரர் 1952இல் எழுதிய குவாய் ஆற்றுப் பால நாவலும், அதனைத் தழுவி 1957இல் வந்த திரைப்படமும் ஆகும். பூல், போருக்கு முன் மலாயாவின் ரப்பர்த் தோட்டத்தில் பணியாற்றியவர். தமிழரை நேரில் கண்டவர். எனினும் அவர் கதையில் பாலம் பிரிட்டிஷ் அதிகாரி ஒருவரின் செருக்குக்கும் கடமையுணர்ச்சிக்கும் குறியீடாகிறது. அங்கே மாண்ட தமிழனுக்கு அதில் இடமில்லை. குறியீடு எதனைக் காட்டுகிறது என்பதோடு எதனை மறைக்கிறது என்றும் கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

அந்தக் குறையைத் தீர்த்தவர்கள் இந்நாட்டு எழுத்தாளர்களே. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' 1993இல் வந்தது. அ. ரெங்கசாமி அதே ஆண்டில் வந்த 'புதியதோர் உலகம்' நாவலில் ஜப்பானியர் காலத்துத் தோட்டத்தையும், 2005இல் வந்த 'நினைவுச்சின்ன'த்தில் மரண ரயிலையும், 2006இல் வந்த 'இமையத் தியாக'த்தில் இந்திய தேசிய இராணுவத்தையும் எழுதினார். கலைநயத்தில் சிங்காரத்தோடு இவற்றை ஒப்பிட்டு ஏற்றத்தாழ்வு பேசுவோர் உண்டு. அந்தப் பேச்சை வேறிடத்தில் வைத்துக்கொள்ளலாம். தெருவின் போரைச் சிங்காரத்திடமும் தோட்டத்தின் போரை இவர்களிடமும் அறிந்தால்தான் ஒரு சமூகத்தின் போர் முழுமையாகத் தெரியும். ஒன்றை மட்டும் படிப்பவர்க்கு மற்றதன் வலி தெரியாது.

வகுப்பறையில் செய்யக்கூடியது

பயிற்சி ஆசிரியர்களுக்கு நான் சொல்லி வரும் முறை எளிது. நாவலில் ஒரு பொருள் மீண்டும் மீண்டும் வந்தால், அதன் உட்பொருளை உடனே கேட்காதீர்கள். முதலில் மூன்று கேள்விகளை மாணவரிடம் கொடுங்கள்.

முதல் கேள்வி: அந்தக் காலத்தில் அந்தப் பொருளை யார், எதற்காகப் பயன்படுத்தினர்? பெட்டி என்றால் அதில் என்ன வைத்தனர், சாவி யாரிடம் இருந்தது என்று கேட்க வேண்டும். வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் மாணவர் அவர்களிடம் கேட்டு வரட்டும். வாழைமர நோட்டு என்றதும் தம் பெற்றோர் வாயிலாகக் கேட்ட கதைகளைச் சொல்லக்கூடிய முதியவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கின்றனர். அவர்கள் மறைந்தபின் கேட்பதற்கு ஆளிருக்காது.

இரண்டாம் கேள்வி: கதையின் தொடக்கத்தில் அப்பொருள் யார் கையில் இருந்தது, முடிவில் யார் கையில் இருக்கிறது? இடையில் நேர்ந்த மாற்றமே பெரும்பாலும் கருப்பொருளைக் காட்டிக் கொடுக்கும். செல்லையாவின் கையில் முதலில் பேரேடு, பிறகு துப்பாக்கி, பிறகு இரண்டும் இல்லை.

மூன்றாம் கேள்வி: அப்பொருளை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தால் கதை நடக்குமா? பாண்டியன் நீராவிக் கப்பலில் வந்திருந்தால் என்ன ஆகும்? மாணவர் சிரிப்பர், பிறகு சிந்திப்பர். புயல் வந்தாலும் முதல் வகுப்புப் பயணியும் தளத்துப் பயணியும் வேறு வேறாகத்தான் இருந்திருப்பர் என்று எவரேனும் ஒருவர் சொல்லுவார். தோணி ஏன் தோணியாக இருக்க வேண்டும் என்பதை அந்த மாணவரே கண்டுபிடித்துவிட்டார். இனி அதனை மறக்கமாட்டார்.

இம்முறைக்கு நேரம் பிடிக்கும் என்பதை மறுக்கவில்லை. பட்டியலை எழுதிப்போடுவது பத்து நிமிட வேலை. இது மூன்று நான்கு பாடவேளைகளை விழுங்கும். ஆனால் பட்டியல் தேர்வு முடிந்ததும் மறைந்துபோகும். கேள்வி கேட்கும் பழக்கமோ அடுத்த நாவலுக்கும் அதற்கடுத்த நாவலுக்கும் உடன் வரும்.

இன்னும் ஒரு காரணமும் உண்டு. நம் வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைகள் இந்நாட்டில் பிறந்தவர்கள். அவர்தம் பெற்றோரும் இங்கேயே பிறந்தவர்கள். வானாயீனாவுக்கு இருந்த மறுகரை அவர்களுக்கு இல்லை. ரஜுலா கப்பலையும் அவர்கள் அறியார்கள். 'கடலுக்கு அப்பால்' என்னும் தலைப்பை அவர்களிடம் காட்டி, உனக்கு அப்பால் எது என்று கேட்டுப் பாருங்கள். தமிழ்நாடு என்று ஒருவர் சொல்லலாம். சிங்கப்பூர் என்று ஒருவர் சொல்லலாம். எனக்கு எல்லாம் இக்கரைதான் என்று இன்னொருவர் சொல்லலாம். மூன்றும் சரியான விடைகளே. மூத்தோர் எந்தக் கடலை, எந்தத் தோணியில், எதை இழந்து கடந்தனர் என்பதை அறிந்துகொண்டு அவ்விடையைச் சொல்லும் பிள்ளை, தான் நிற்கும் கரை எப்படிக் கிடைத்தது என்பதையும் அறிந்தவனாவான். நாவலைக் கற்பிப்பதால் தமிழாசிரியர் தரக்கூடிய பயன்களுள் இது சிறியதன்று.